தோட்டத்துச் சபைக்குப் பணிப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு

விடுமுறைக் களப் பயிற்சிக்கு உங்களுக்கு ஒரு மலையகத் தோட்டச் சபை கிடைத்திருக்கிறது. கையில் உள்ள கடிதத்தில் சபையின் பெயர், மேற்பார்வைப் போதகரின் தொலைபேசி எண், வந்து சேர வேண்டிய திகதி, அவ்வளவுதான் இருக்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, யாழ்ப்பாண டவுன் பக்கமிருந்து இப்படி வருகிறவர்களை தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு லயம், கூட்டிக்கொண்டு திரிகிறவன் நான். பிரசங்கம் செய்யக் கல்லூரி கற்றுத் தந்திருக்கும். தோட்டத்துக்கென்று ஒரு நேரம் இருக்கிறது, அந்த நேரத்துக்குள் உங்களுக்கு எங்கே இடம் என்பதை இங்கே வந்துதான் பழக வேண்டும். அதை வருமுன்னே கொஞ்சம் தெரிந்துகொண்டால் நல்லது.

எந்தப் பக்கத்து மலை?

முதலில் இதைக் கேளுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கம் என்றால் மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. ஜூலையில் கழுவிப் போட்ட உடுப்பு மூன்று நாளானாலும் காயாது. அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் என்றால் அதே மாதங்களில் மழை குறைவு, கச்சான் காற்று அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு நல்ல பெயர் கிடைக்கும் காலமும் அதுதான். ஆனால் எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியில் தண்ணீர் நூலாக இறங்கும், குடத்தோடு வரிசையில் நிற்க வேண்டி வரும். "கோடை விடுமுறை" என்று எண்ணி இரண்டு டீசேர்ட்டோடு புறப்பட்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும்.

பையில் என்ன வைப்பது? நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அந்த உயரத்தில் ஓகஸ்ட் இரவுக்கும் கம்பளி வேண்டும். குடையைக் காற்று பிரட்டிவிடும், மழைக்கோட்டு நல்லது. அடிப்பக்கம் நன்றாகப் பிடிக்கும் சப்பாத்து ஒன்று, லயத்துக்குள் போட இறப்பர் செருப்பு ஒன்று. டோர்ச் கட்டாயம், கழிப்பறை வெளியேதான் இருக்கும். அட்டைக்குச் சின்னத் துணிப்பையில் உப்பு. கடிக்கும்போது பிடித்து இழுக்காதீர்கள், உப்பையோ சவர்க்காரத்தையோ தொட்டு வைத்தால் விழுந்துவிடும். பிறகும் கொஞ்ச நேரம் இரத்தம் வரும், பயப்பட ஒன்றுமில்லை. இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் நிறைய வைத்திருங்கள், தோட்டத்துக் கடையில் ஐயாயிரத்துக்கு மாற்று இருக்காது. கிட்டார் கொண்டுவர வேண்டும் என்றால் கொண்டுவாருங்கள். ஆனால் மழையில் அதைத் தூக்கிக்கொண்டு படி ஏறப்போவது நீங்கள் அல்ல, யாரோ ஒரு பையன்.

கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் வரலாம். ஹட்டன், நானுஓயா, அப்புத்தளை என்று உங்கள் சபைக்குக் கிட்டிய ஸ்டேசனில் இறங்குவது வழக்கம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைப் பாதையைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. ஆகவே ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் பஸ். எப்படி வந்தாலும் மதியத்துக்கு முன்னே டவுனுக்கு வந்துவிடுங்கள். தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டால் ஆட்டோவுக்குக் கேட்கும் காசு கோட்டையிலிருந்து வந்த காசைவிடக் கூடவாக இருக்கும்.

வந்ததும் முதல் வேலை

சபையின் கடிதத்தோடு தோட்டத்து ஆபீசுக்குப் போங்கள், சபையை அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ளும் உபதேசியாரைக் கூட்டிக்கொண்டு. தோட்டங்கள் 1972லும் 1975லும் அரசுடைமையாகி, 1992இலிருந்து கம்பெனிகளின் நிர்வாகத்தில் இருக்கின்றன. நீங்கள் நடக்கும் பாதையும், கூட்டம் வைக்கக் கேட்கும் பிள்ளைக் காம்பராவும் (வேலைக்குப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளை விடும் இடம்) நிர்வாகத்தின் கையில். வேலை நேரத்தில் மலைக்குள், அதாவது தேயிலைக்குள், போக வேண்டும் என்றாலும் தோட்ட மனேஜரான துரையிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் போனால் உங்களை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அந்த மலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்குத்தான் கேள்வி விழும்.

துரை பங்களாவுக்குத் தேநீருக்குக் கூப்பிட்டால் போங்கள், மரியாதை. ஆனால் போவதை உபதேசியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பங்களாவில் தங்காதீர்கள். இதற்குப் பின்னால் பழைய கதை இருக்கிறது. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்தார்கள். அவர்களுக்கென்று அங்கிலிக்கன் மிஷன் 1854இல் தொடங்கியது, "தமிழ்க் கூலி மிஷன்" என்ற பெயரிலேயே. அதற்குத் தோட்டத் துரைமாரும் ஆதரவு கொடுத்தார்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டார், பிறகு இலைநோய் கோப்பியை அழித்தது, மலையெல்லாம் தேயிலையானது. சபை யார் பக்கம் என்ற கேள்வி மட்டும் லயத்தில் அப்படியே நின்றது. டிக்கோயாவில் 1878இல் கட்டிய வோர்லி கோயிலைப் போல அழகான கற்கோயில்கள் துரைமாருக்காக எழும்பின. அவற்றைப் பார்க்கத்தான் வேண்டும். பார்க்கும்போது கல் சுமந்தது யார் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கிழமை ஒன்றும் செய்யாதீர்கள்

உண்மையாகத்தான் சொல்கிறேன். பிரசங்கம் வேண்டாம், வாலிபர் கூட்டம் வேண்டாம். உபதேசியாருக்குப் பின்னால் நடவுங்கள், நாள் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள்.

காலை நாலு, நாலரைக்கே பெண்கள் எழும்பிவிடுவார்கள். அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பகலுக்கும் சேர்த்துக் கட்டி, பெரிய பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் பண்ணி, சின்னதுகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு ஏழு, ஏழரைக்கெல்லாம் வேலை பிரிக்கும் இடமான பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். எந்த மலை என்று அங்கே சொல்வார்கள். பறித்த கொழுந்துக்குக் காலையில் ஒரு நிறுவை, பகலில் ஒரு நிறுவை, நாலரை மணி போலக் கடைசி நிறுவை. வீட்டுக்கு வந்த பிறகு விறகு, தண்ணீர், சமையல். ஆக, ஒரு பெண்ணை நின்று பேசப் பிடிக்கலாம் என்றால் மாலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரைதான். அப்போதும் அவர் கை சும்மா இருக்காது. வெங்காயத்தை எடுத்து உரித்துக்கொண்டு பேசுங்கள், பேச்சு தானாக வரும்.

ஆண்கள் வேறு. கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), முள்ளுக் குத்துவது (மண்ணைக் கிளறுவது) போன்ற, அளந்து கொடுக்கும் கணக்கு வேலை என்றால் பகலோடு முடிந்துவிடும். பிறகு லயத்துக்குப் பின்னால் உள்ள மரக்கறித் துண்டில் இருப்பார்கள்: லீக்ஸ், கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு. கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் மரக்கறிதான் பாதி வாழ்க்கை. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது தேயிலையைவிட முதலில் அலறியது இந்தத் துண்டுகள்தான். அங்கே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். கரட் பிடுங்கத் தெரியாவிட்டால் கழுவவாவது செய்யலாம்.

கொழுந்து எடுக்கும் மலைக்கு ஒரு நாளாவது போங்கள், அனுமதியோடு. போனை வெளியே எடுக்காதீர்கள். சுற்றுலா வருகிறவர்கள் எடுத்த படம் போதும். நிறுக்கும் நேரத்தில் ஒதுங்கி நில்லுங்கள், அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் வாக்குவாதம் நடக்கும். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோக் கணக்கில் வெட்டுவார்கள். குறிப்பிட்ட நிறை வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்; நிறை வந்தால் முழுப்பேர். தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும், 18 கிலோ, 20 கிலோ என்பது பரவலாகக் கேட்கும் கணக்கு. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய் ஆனது. அரைப்பேர் விழுந்தால் அன்றைய நாட்சம்பளத்தில் பாதிதான். இதையெல்லாம் நீங்கள் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் வீட்டுக்குள் போய் "சம்பளம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடு கொப்பி தூக்கி வந்தவர்கள் ஏராளம்.

வீட்டுக்குள்

லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய அளவு. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி. தனி வீடு கட்டிக் கிடைத்தவர்களும் இப்போது இருக்கிறார்கள், கிடைக்காதவர்கள்தான் அதிகம். இஸ்தோப்பிலேயே நின்று குரல் கொடுங்கள். "உள்ள வாங்க" என்ற பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். பெரியவர்கள் ஐயா, அம்மா. உங்களுக்குக் கொஞ்சம் மூத்தவர்கள் அண்ணே, அக்கா. கிழவிகளை அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்பாயி என்றால் அப்பாயி, அம்மாயி என்றால் அம்மாயி. உங்களைத் தம்பி என்பார்கள், பிரதர் என்பார்கள், சில இடத்தில் ஐயா என்றும் சொல்வார்கள். ஐயா என்பதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

நீங்கள் உட்கார்ந்த கையோடு ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு அம்மா பேச்சை நிறுத்தாமலே கண்ணைக் காட்டுவார். ஒரு பையன் அல்லது பிள்ளை பின்பக்கத்தால் நழுவும். கடைக்கு ஓடுகிறது, உங்களுக்குச் சோடாவோ பால்மாப் பக்கற்றோ வாங்க, கடன் கொப்பியில் எழுதி. படி இறங்குமுன் கூப்பிட்டு நிறுத்துங்கள்: "தம்பி, கடைக்குப் போகாத, எனக்கு வெறுந்தேத்தண்ணிதான் புடிக்கும்." அந்த அம்மா "அய்யோ, வெறும் சாயமா?" என்பார். "சீனி தொட்டுக்க இருந்தா போதும்மா" என்று சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே ஊற்றுவார். வேண்டவே வேண்டாம் என்று மட்டும் சொல்லக்கூடாது, அது வேறு அர்த்தத்துக்குப் போய்விடும். ஒரு மாலையில் ஆறு வீடு என்றால் ஆறு கிளாஸ் சாயம், இரவு நித்திரை வராது. அரைக் கிளாஸ் கேட்கப் பழகுங்கள்.

சாதி கேட்காதீர்கள். "இந்தியாவுல உங்களுக்கு எந்த ஊர்" என்பதும் பல வீடுகளில் அதே கேள்விதான். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: "தோட்டக்காட்டான்" என்று உங்கள் வீட்டில் யாரும் வேடிக்கையாகச் சொல்லியிருந்தால்கூட அது இங்கே நாக்கில் வரக்கூடாது. கொழும்புக்காரருக்கு இன்னொன்று. லயத்தில் கொழும்பைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பாதி வீட்டுப் பிள்ளைகள் புறக்கோட்டைக் கடைகளிலும் கொழும்பு வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். உங்கள் தெருவை உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

மாணவிகளுக்கு: கோயிலோடு ஒட்டிய அறையில் தனியாகத் தங்க வைக்கப் பார்த்தால் ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும் என்று போதகரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

பிரசங்க மேடை

ஞாயிறு ஆராதனைக்கு ஆட்கள் வருவதே பெரிய விஷயம். துணி துவைப்பது, விறகு எடுப்பது, டவுனுக்குச் சாமான் வாங்கப் போவது எல்லாம் அன்றைக்குத்தான். சம்பளத்தை ஒட்டிய ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். பத்து, பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள்.

எந்தப் பகுதியை எடுப்பது என்று யோசிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் மத்தேயு 20க்குத்தான் வருகிறார்கள். திராட்சத் தோட்டம், வேலையாட்கள், கூலி. தோட்டத்து மக்களுக்குப் பொருத்தமாக இருக்கும் என்ற எண்ணம். எடுங்கள், ஆனால் கல்லூரியில் எழுதிய குறிப்போடு எடுக்காதீர்கள். அங்கே நீங்கள் படித்தது, முதலில் வந்தவர்களின் முறுமுறுப்பு, பிந்தி வந்தவனுக்கும் கிடைக்கும் கிருபை. இங்கே கேட்கிறவர்களில் ஒருத்தி போன வெள்ளிக்கிழமை இரண்டு கிலோ குறைந்ததால் அரைப்பேர் வாங்கியவள். இன்னொருத்தி பென்சன் எடுத்த பிறகும், பறித்த கிலோவுக்கு மட்டும் காசு கிடைக்கும் கைக்காசுக்குப் போகிறவள், விரல் முன்னைப்போல ஓடாது. பின்வரிசையில் தொழிற்சங்கத் தலைவர். முன்வரிசையில், வெள்ளைச் சேர்ட்டோடு, போன வெள்ளிக்கிழமை அந்த நிறையை எழுதிய கணக்கப்பிள்ளை. எல்லாரும் ஒரே அப்பத்தை எடுக்கப் போகிறவர்கள்.

அந்த உவமையை ஒரு மாலை நேரத்தில், அடுப்படியில் வைத்து, ஒரு வயதான அம்மாவிடம் கதையாகச் சொல்லிப் பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் முழுப் பணம் கொடுத்தார் என்ற இடத்தில், "அப்ப எல்லாருக்கும் முழுப்பேரா?" என்று கேட்பார். எஜமான் ஏன் அப்படிச் செய்தார் என்பதைவிட, அந்த மனுசர்கள் பகலெல்லாம் பெரட்டில் நின்றும் யாரும் கூப்பிடவில்லையே என்பதுதான் அவர் மனதில் நிற்கும். பிறகு போய்ப் பிரசங்கத்தை எழுதுங்கள். கணக்கப்பிள்ளையைத் தாக்கிப் பேச வேண்டாம், அவரும் அடுத்த நாள் துரைக்குப் பதில் சொல்கிறவர்தான். அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை மறந்தும் பேச வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பது எப்படி என்று எனக்குச் சொல்லித் தரத் தெரியாது. ஆனால் பயிற்சிக் காலத்தில் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான பாடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அறுப்பின் பண்டிகை உங்கள் காலத்தில் வந்தால் ஏலம் போடும் வேலை உங்கள் தலையில் விழும். ஒரு கட்டு லீக்ஸைக் கடை விலையைவிட மூன்று மடங்குக்கு எடுத்து, மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவார்கள். குரலை உயர்த்திக் கத்துங்கள், கூச்சப்பட்டால் சபைக்கு நட்டம்.

பக்கத்து வீட்டுச் சாமி

லயத்தில் பெரும்பாலானவர்கள் இந்துக்கள். ஒரே குடும்பத்தில் அக்கா சபைக்கு வருவார், தம்பி மாரியம்மன் கோயில் கமிட்டியில் இருப்பார். மாடசாமி, முனியாண்டி, தொழிற்சாலைச் சக்கரத்துக்கென்றே ரோதமுனி என்று காவல் தெய்வங்களும் உண்டு. கோயில் திருவிழா வந்தால் அறைக்குள் பூட்டிக்கொண்டு இருக்காதீர்கள், போய்ச் சனத்தோடு நில்லுங்கள். பிரசாதம் எடுப்பதா இல்லையா என்பதில் அந்தச் சபையின் வழக்கம் என்ன என்று உபதேசியாரிடம் முன்பே கேட்டு வையுங்கள். வந்த வேகத்தில் ஆட்களை மதம் மாற்றிக் கணக்குக் காட்ட நினைக்கிறவர்கள் தயவுசெய்து வேறு இடம் பாருங்கள். நீங்கள் போன பிறகு அந்தச் சண்டையோடு வாழப்போவது லயத்துச் சனம்.

சாவு விழுந்தால் எந்த மதம் என்று பாராமல் எல்லாரும் போவார்கள். தப்பு மேளச் சத்தம் கேட்டதும் நீங்களும் போங்கள். கேட்காமல் ஜெபம் பண்ணாதீர்கள். உட்கார்ந்திருப்பது போதும், தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க ஆள் தேவைப்பட்டால் அதைச் செய்யலாம்.

உதவி செய்கிறேன் என்றால்

வாக்குக் கொடுக்காதீர்கள். 1948இல் இந்த மக்களின் குடியுரிமை போனது, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகப் பிரித்தது. நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வந்து பிரச்சினை தீர்ந்தது. அதற்கு இடையில் எத்தனை பேர் வந்து என்னென்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று தாத்தாமாரைக் கேட்டால் சொல்வார்கள். "கொழும்புல பேசிப் பாக்குறேன்" என்று நீங்கள் லேசாகச் சொல்வதை அவர்கள் லேசாக எடுக்க மாட்டார்கள்.

செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கொழும்பில் வளர்ந்தவர் என்றால் உங்களுக்குச் சிங்களம் வரும். பிரதேச செயலகம், பொலிஸ், ஆஸ்பத்திரி என்று போனால் பல நேரம் சிங்களத்தில்தான் எழுத்து. பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழை, அடையாள அட்டை இழுபறி, விளங்காமல் கையெழுத்து வைத்த முறைப்பாடு என்று ஒவ்வொரு லயத்திலும் ஏதாவது இருக்கும். ஒரு அம்மாவோடு பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, படிவத்தை வாசித்துச் சொல்லி, திரும்பக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு நாள் பேர் போகும் அவருக்கு, அதனால் தேவையான கடதாசி எல்லாம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். தபால் தோட்டத்து ஆபீசுக்கு வந்து கிடக்கும் இடங்களும் உண்டு, அதையும் விசாரியுங்கள்.

பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலமோ கணிதமோ சொல்லிக் கொடுக்கலாம். கதவைத் திறந்து வைத்து, இன்னொரு பெரியவர் இருக்கும்போது மட்டும். ஒரு பிள்ளை தனக்கு நடக்கும் கொடுமை எதையாவது சொன்னால் நீங்களே விசாரணை நடத்தாதீர்கள். போதகரிடம் சொல்லுங்கள், சிறுவர் உதவிக்கு 1929. பெண்களுக்கான உதவி எண் 1938.

மலையில் கவனம்

குளவி கலைந்தது என்று சத்தம் கேட்டால் தலையை மூடிக்கொண்டு ஓடுங்கள், என்ன ஏது என்று நின்று பார்க்காதீர்கள். நிறையக் கொட்டு வாங்கியவரை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்கு. அம்புலன்சுக்கு 1990, காசில்லை.

மழை விடாமல் பெய்தால் மண்சரிவு. 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தயில் லயங்கள் அப்படியே புதைந்தன. டித்வா வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மூன்றும் சரிந்தன. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இறுகி மூடாத கதவு, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ எண் 117. எழும்பிப் போகச் சொல்லி அறிவித்தல் வந்தால் லயத்துக் கிழவர்கள் "எத்தன மழைய பாத்துட்டோம்" என்று உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஆராதனை நடத்தத் தொடங்காதீர்கள். கிழவர்களைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள், கோயில் மேட்டில் பாதுகாப்பாக இருந்தால் கதவைத் திறந்து விடுங்கள்.

போகும் முன்

கல்லூரிக்கு எழுதும் அறிக்கையில் வீட்டுக்காரர் பெயர், குடும்பத் தொல்லை, குடிப் பிரச்சினை எதையும் அடையாளம் தெரியும்படி எழுதாதீர்கள். ஒரு பிரதியைத் தமிழில் உபதேசியாரிடம் கொடுங்கள். இதுவரை பலபேர் எங்களைப் பற்றி எழுதிப் போயிருக்கிறார்கள், எழுதியதைக் காட்டியவர்கள் குறைவு. அரைகுறையாக நிற்கும் சான்றிதழ் வேலை ஏதாவது இருந்தால் எந்த ஆபீஸ், எந்த மேசை, அடுத்து என்ன கடதாசி என்று ஒரு தாளில் எழுதிப் போதகரிடம் ஒப்படையுங்கள், அடுத்து வரும் மாணவர் அங்கிருந்து தொடங்கலாம். அப்புறம், கடைக்காரரிடம் கொப்பியைக் காட்டச் சொல்லி, உங்களுக்காக எந்த வீட்டுக் கணக்கிலாவது சோடாவோ பால்மாவோ ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் சத்தமில்லாமல் கட்டிவிட்டு பஸ் ஏறுங்கள்.